வீட்டில் தயாரித்த பியரில் டெட்டால் வாடை: தண்ணீரா, ஈஸ்டா, என் கைப்பிழையா?

தேம்ஸ்கரையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் தென்கிழக்கு லண்டனில் வசிக்கிறேன். கடந்த ஓராண்டாக வீட்டிலேயே பியர் தயாரித்து வருகிறேன். முதல் நான்கு முறையும் டப்பாவில் விற்கும் மால்ட் பாகைக் கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீரில் கரைத்து, ஈஸ்ட் தூவி, இரண்டு வாரம் நொதிக்க வைத்துப் பாட்டிலில் அடைத்தேன். அவை பெரிய சுவையோடு இருந்தன என்று சொல்ல மாட்டேன், ஆனால் குறை சொல்லவும் இடமிருக்கவில்லை. ஐந்தாம் முறை, முளைகட்டி உலர்த்திய பார்லியிலிருந்தே தொடங்கிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில், 4.5 கிலோ மாரிஸ் ஆட்டர் மால்ட்டை நொறுக்கித் துணிப்பையில் கட்டி, 67 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் ஊற வைத்தேன். பிறகு அந்த இனிப்புச் சாற்றில் கிழக்கு கென்ட் கோல்டிங்ஸ் வகை ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) 40 கிராம் சேர்த்து மேலும் ஒரு மணி நேரம் கொதிக்க விட்டு, ஆறிய பின் 20 லிட்டரை நொதிகலனில் ஊற்றி 11 கிராம் உலர் ஈஸ்ட் இட்டேன். மால்ட் உறிஞ்சுவதும் ஆவியாகிப் போவதும் சேர்த்து ஏறத்தாழ 29 லிட்டர் தண்ணீர் வேண்டியிருந்ததால், அவ்வளவையும் பாட்டிலாக வாங்க மனம் வராமல் குழாய்த் தண்ணீரையே பயன்படுத்தினேன்.

இப்போது பதினான்கு நாள் ஆகிறது. எனக்கு இரண்டு கவலைகள். முதலாவது, சர்க்கரை அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் தொடக்கத்தில் 11.7 பிரிக்ஸ் காட்டிய சாறு, கடந்த நான்கு நாட்களாக 6.2 என்ற இடத்திலேயே நிற்கிறது. அட்டவணைப்படி மாற்றினால், தண்ணீரை 1 எனக் கொண்டு, 1.047 அடர்த்தியிலிருந்து 1.024 வரைதான் இறங்கியிருக்கிறது. இந்த நிலையில் பாட்டிலில் அடைத்தால் மிச்சச் சர்க்கரை மீண்டும் நொதித்து பாட்டில் வெடித்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். இரண்டாவது, ஒரு மிடறு சுவைத்தபோது டெட்டால் ஊற்றித் துடைத்த தரையின் வாடை மூக்கில் ஏறியது. நொதிகலனைத் துணிகளுக்குப் போடும் ப்ளீச் கரைசலில் ஊற வைத்து, இரண்டு முறை நன்றாக அலசிய பிறகே பயன்படுத்தினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதை வைத்திருந்தால் சரியாகுமா, கொட்டிவிட வேண்டுமா?

பார்லிக்கதிர் எழுதியது:

நண்பரே, முதல் கவலையை விட்டுவிடுங்கள். உங்கள் நொதித்தல் முடிந்துவிட்டது என்றே எண்ணுகிறேன். ரிஃப்ராக்டோமீட்டர் சர்க்கரையை நேரடியாக அளப்பதில்லை, ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைத்தான் அளக்கிறது. நீரில் சர்க்கரை மட்டும் இருக்கும் வரை அந்தக் கணக்கு பொருந்தும். ஆல்கஹால் உருவானதும் அதுவும் ஒளியை நீரைவிடக் கூடுதலாக வளைப்பதால், கருவி இல்லாத சர்க்கரையை இருப்பதாகக் காட்டும். 11.7இல் தொடங்கி 6.2இல் நிற்கும் பியரின் உண்மையான அடர்த்தி, திருத்தக் கணக்கின்படி 1.011க்கு அருகில் வரும்; அதாவது நூற்றுக்கு 4.7 அளவு ஆல்கஹால் கொண்ட, முறையாக முடிந்த பியர் அது. நம்பிக்கை வேண்டுமானால் ஒரு குவளை எடுத்து, இரண்டு பாத்திரங்களுக்கு இடையே ஆற்றி வாயுவை நீக்கி, 20 டிகிரியில் அடர்த்தியை நேரடியாகக் காட்டும் ஹைட்ரோமீட்டரை மிதக்க விட்டுப் பாருங்கள்.

இரண்டாவது கவலைக்கு உங்கள் மூக்கே விடை சொல்லியிருக்கிறது. டெட்டாலில் கிருமியைக் கொல்லும் பொருளான குளோரோசைலினால், குளோரின் ஏறிய ஃபீனால் வகையைச் சேர்ந்தது. மால்ட்டிலும் ஹாப்ஸிலும் இயல்பாகவே இருக்கும் ஃபீனால்களோடு குடிநீரில் உள்ள குளோரின் சேரும்போது உங்கள் பாத்திரத்திலேயே அதன் உறவினர்களான குளோரோஃபீனால்கள் பிறக்கின்றன, அவற்றை நம் நாக்கு நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே கண்டுபிடித்துவிடும். சாறு ஒரு மணி நேரம் கொதித்ததே, குளோரின் போயிருக்காதா என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் தண்ணீர் மால்ட்டைச் சந்தித்தது 67 டிகிரியில், கொதிப்பதற்கு முன்பு. சேர வேண்டியது அப்போதே சேர்ந்துவிட்டது. மேலும் பல ஊர்களில் இப்போது குளோரினோடு அம்மோனியாவைச் சேர்த்துக் குளோரமினாக்கி அனுப்புகிறார்கள். அது நீண்ட குழாய்களில் நெடுநேரம் நிலைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே உருவாக்கப்படுவதால், தண்ணீரை இரவு முழுவதும் திறந்து வைத்தாலும் எளிதில் போகாது.

தீர்வு மிக மலிவானது. கேம்டன் மாத்திரை என்று பியர்ப் பொருள் கடைகளில் கேளுங்கள். மெட்டாபைசல்ஃபைட் உப்புதான் அது. ஒரு மாத்திரை ஏறத்தாழ 75 லிட்டருக்குப் போதும் என்பதால், உங்கள் 29 லிட்டருக்கு அரை மாத்திரையைப் பொடித்துப் போட்டுக் கலக்கினால் சில நிமிடங்களில் குளோரினும் குளோரமினும் செயலிழந்துவிடும். க்ளோஸ்டர்ஷயரில் உள்ள கேம்டன் என்னும் ஊரில், பழங்களைப் பதப்படுத்தும் ஆய்வில் 1920களில் உருவான கரைசலிலிருந்து வந்த பெயர் அது.

நுரைக்கோப்பை எழுதியது:

பார்லிக்கதிர் தண்ணீரைக் குற்றம் சாட்டுவதை நான் மறுக்கவில்லை, ஆனால் ப்ளீச்சை அவர் அவ்வளவு எளிதாக விட்டுவிட்டது எனக்கு உடன்பாடில்லை. பிளாஸ்டிக் கலனில் கீறல்கள் இருந்தால் அவற்றுக்குள் தங்கும் ப்ளீச்சை இரண்டு அலசல் முழுமையாக அகற்றாது, அலசியதும் அதே குழாய்த் தண்ணீர்தான். நானும் தொடக்கத்தில் ப்ளீச்சையே நம்பி இரண்டு முறை பியரைக் கெடுத்த பிறகு, அழுக்கை நீக்கச் சோடியம் பெர்கார்பனேட்டும், கிருமி நீக்க அலசத் தேவையில்லாத அமில வகைக் கரைசலும் என்று மாறிக்கொண்டேன். சுத்தம் செய்வதும் கிருமி நீக்குவதும் தனித்தனி வேலைகள். படிந்த அழுக்கின் மேல் எந்தக் கிருமிநாசினியை ஊற்றினாலும் அது உள்ளே போவதில்லை.

மூன்றாவது சாத்தியம் ஒன்றும் இருக்கிறது. வெளியிலிருந்து புகும் காட்டு ஈஸ்ட்டும் ஃபீனால் வாடையை உண்டாக்கும், ஆனால் அது பெரும்பாலும் கிராம்பையோ புகையையோ நினைவூட்டும். நாள் போகப் போகக் கூடும். நல்ல ஈஸ்ட் தொடாமல் விட்ட சர்க்கரையையும் தின்றுவிடுவதால் அடர்த்தி 1.011ஐத் தாண்டி 1.004 வரைகூட இறங்கும். ஆகவே ஹைட்ரோமீட்டர் அளவை ஒரு முறை மட்டும் பார்க்காமல், ஒரு வாரம் கழித்து மறுபடியும் பாருங்கள். நின்ற இடத்திலேயே நின்றால் குற்றவாளி குளோரின், இறங்கிக்கொண்டே போனால் காட்டு ஈஸ்ட்.

வைத்திருந்தால் சரியாகுமா என்ற கேள்விக்கு வருத்தத்தோடு இல்லை என்றே சொல்ல வேண்டும். பச்சை ஆப்பிள் வாடையோ வெண்ணெய் வாடையோ இருந்திருந்தால், ஈஸ்ட்டே அவற்றைத் திரும்ப உட்கொள்ளும் என்பதால் இரண்டு வாரம் பொறுத்திருக்கச் சொல்லியிருப்பேன். குளோரோஃபீனாலை ஈஸ்ட் தொடாது, காலமும் கரைக்காது.

தேம்ஸ்கரையான் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று ஹைட்ரோமீட்டரில் பார்த்தேன், 1.011 காட்டியது. நீங்கள் சொன்னபடி ஒரு வாரம் கழித்து மீண்டும் பார்ப்பேன். முதல் நான்கு முறை பாட்டில் தண்ணீர், ஐந்தாம் முறை குழாய்த் தண்ணீர் என்ற வேறுபாட்டை நானே எழுதியும் அதன் பொருள் எனக்குப் புலப்படவில்லை. ஆனால் அந்த நான்கு முறையும் ப்ளீச் கொண்டுதான் கழுவினேன், அப்போது வாடை வரவில்லை என்பதால், இரண்டில் தண்ணீரின் பங்கே பெரிது என்று இப்போது நினைக்கிறேன்.

இன்னும் ஒரு கேள்வி. அடுத்த முறை நன்றாக வந்தால், பக்கத்து வீட்டுக்காரர் பணம் கொடுத்து ஒரு பெட்டி வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறார். அது முறையா?

மரப்பீப்பாய் எழுதியது:

பணம் வாங்காதீர்கள், தம்பி. இங்கிலாந்தில் வீட்டில் பியர் தயாரிக்க 1880இலிருந்து உரிமம் தேவைப்பட்டது. 1963இல் நிதியமைச்சராக இருந்த ரெஜினால்ட் மோட்லிங் அந்த உரிமத்தை நீக்கினார். அதன் பிறகு சொந்தப் பயன்பாட்டுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் தயாரிக்கலாம், விருந்தினருக்குக் கொடுக்கலாம். விற்றால் தீர்வையும் அனுமதியும் குறுக்கே வரும். நொதிக்க வைத்ததை வாலையில் வடித்துச் சாராயமாக்குவதோ உரிமமின்றி அறவே கூடாது. காய்ச்சுவது என்று சொன்னாலே நம் உறவினர்கள் இரண்டையும் ஒன்றாக எண்ணிக் கலவரப்படுகிறார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன். நெல்லிலிருந்து வீட்டிலேயே ஆக்கிய கள்ளுக்குத் தோப்பி என்று சங்க காலத்தில் தனிச்சொல்லே இருந்தது என்பதை என் பெரியம்மாவிடம் எடுத்துச் சொன்ன பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

தண்ணீரைப் பற்றி மற்றவர்கள் விட்டுவிட்ட ஒன்று. லண்டன் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருவதால் அதில் பைகார்பனேட் மிகுதி. வறுத்த மால்ட்டின் அமிலம் அதைச் சமன் செய்துவிடும் என்பதால்தான் இந்த ஊர் போர்ட்டர் என்னும் கருநிற பியருக்குப் பேர்போனதாயிற்று. ஜிப்சம் நிறைந்த பர்ட்டன் நகரத்துத் தண்ணீர்தான் ஏல் என்னும் வெளிர்நிற பியர் வகைக்கு உகந்தது. வெளிர்நிற மால்ட்டை மட்டும் லண்டன் தண்ணீரில் ஊற வைத்தால் கலவையின் பிஹெச் 5.2 முதல் 5.6 வரை இருக்க வேண்டியது மேலே ஏறி, பார்லித் தோலின் துவர்ப்பு சாற்றில் இறங்கி, ஹாப்ஸின் கசப்பும் முரடாகிவிடும். குளோரினை நீக்கிய பிறகும் உங்கள் பியர் ஏதோ கரகரப்பாக இருந்தால், சிறிது லாக்டிக் அமிலம் விட்டுக் காரத்தன்மையைக் குறையுங்கள். அதைவிட எளிய வழி, அடுத்த முறை அதே தண்ணீரில் அரை கேம்டன் மாத்திரையோடு ஒரு போர்ட்டரைச் செய்து பாருங்கள். 4 கிலோ மாரிஸ் ஆட்டரோடு 400 கிராம் பழுப்பு மால்ட்டும் 250 கிராம் சாக்லேட் மால்ட்டும் போதும்.

பாட்டிலில் அடைக்கும்போது, நுரை வருவதற்காக 20 லிட்டருக்கு 120 கிராம் சாதாரணச் சர்க்கரை, அதற்கு மேல் வேண்டாம். பழுப்பு நிறப் பாட்டில்களையே சேகரியுங்கள். பச்சையிலும் தெளிந்த கண்ணாடியிலும் வெயில் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து கெட்ட நாற்றம் எழும். கொட்டப் போகும் பியரில் ஒரு பாட்டிலை மட்டும் எடுத்து வைத்திருங்கள், போர்ட்டர் தயாரானதும் இரண்டையும் அருகருகே முகர்ந்து பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.