பிள்ளைகளுக்கு மழைக்காடு பற்றி வாசித்துக் காட்டும்போது மறக்காத ஒரு சம்பவம்?

நூலக அக்கா:
இருவாச்சி கதைதான். பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும், ஒரு கீற்று இடைவெளி மட்டும் விடும், ஆண் அத்திப்பழம் கொண்டுவந்து ஊட்டும். அந்தப் பக்கம் வந்ததும் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "அப்பா பறவையை யாராவது சுட்டுட்டா?" என்றாள். புத்தகத்தில் அது இல்லை. உள்ளே இருப்பவை பட்டினிதான் என்று எனக்குத் தெரியும், என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கும் தெரிந்துவிட்டது. அப்புறம் கதை முடியும்வரை அவள் படத்தைப் பார்க்கவே இல்லை.

கோவை வாத்தியார்:
பட்டினி என்றே சொல்லியிருக்கலாம் அக்கா, பிள்ளைகள் தாங்குவார்கள். எனக்கு உறுத்துவது வேறு. கைக்குக் கிடைக்கிற மழைக்காட்டுப் புத்தகமெல்லாம் அமேசான், ஜாகுவார், டூக்கான். அலுத்துப்போய் சிங்கவால் குரங்கு பற்றி ஒன்றைத் தேடிப் பிடித்தேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் இருப்பது, மரத்தை விட்டு அதிகம் இறங்காது என்று வாசித்துக்கொண்டிருந்தபோது, வால்பாறை எஸ்டேட்டிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற பையன், "சார், அது எங்க வீட்டு ஓட்டைப் பிரிச்சு உள்ள வந்து முட்டை எடுத்துட்டுப் போகும்" என்றான். வகுப்பே சிரித்தது, அவன் சிரிக்கவில்லை. தேயிலைக்காகக் காட்டைத் துண்டு துண்டாக வெட்டிவிட்டால் குரங்கு தோட்டத் தொழிலாளரின் லயன் (வரிசை) வீட்டுக்கு வராமல் எங்கே போகும்? அதைச் சொல்ல வாயெடுக்கும்போது மணி அடித்துவிட்டது.

கெடா ஆசிரியை:
மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி. போர்னியோ தீவில் காடு போய் செம்பனை, அதாவது பாமாயில் மரம், வந்த கதை, கடைசிப் படத்தில் தாயில்லாத ஒராங் ஊத்தான் குட்டி. மறுநாள் ஒரு மாணவனின் அப்பா அந்தப் புத்தகத்தோடு வந்து நின்றார். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். "என்னை வேலையை விடச் சொல்றான் டீச்சர், ராத்திரி சாப்பிடல." அவரிடம் கோபம் இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. காட்டை அழிக்க முடிவெடுத்தவன் எவனோ, வீட்டில் பதில் சொல்ல வேண்டியவர் இவர்.

கதை மாமா:
வாத்தியாரே, அமேசான் என்ன பாவம் செய்தது? அடர்ந்த காட்டில் தரைக்கு நூற்றில் 2 பங்கு வெயில்தான் வரும் என்று அமேசான் புத்தகத்தில் வாசித்ததும் என் மகன் எழுந்து போய் லைட்டை அணைத்துவிட்டு, "இப்ப படிங்கப்பா" என்றான். என் கதை அவ்வளவுதான். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். முதலிலேயே வீடியோ காட்டாதீர்கள், அப்புறம் புத்தகப் படம் எடுபடாது. அழிகிறது அழிகிறது என்று தொடங்கும் புத்தகங்களைப் பத்து வயதுவரை தள்ளிவையுங்கள், கெடாவில் நடந்தது அதனால்தான். முதலில் தவளை, அட்டை, அத்திமரம் என்று ஆசை வரட்டும். ஊட்டிச் சோலைக்காட்டைக் காட்டி மழைக்காடு என்று சொல்லாதீர்கள், அந்த உயரத்தில் மரம் குட்டை, குளிர் வேறு. கேரளத்து மழைக்காடான சைலன்ட் வேலியை மட்டும் விடாதீர்கள். அங்கே குந்திப்புழை ஆற்றில் அணை கட்டத் திட்டமிட்டார்கள், கேரளத்தில் ஆசிரியர்களும் கவிஞர்களும் விஞ்ஞானிகளும் சேர்ந்து எதிர்த்ததில் திட்டம் போய் 1984இல் தேசியப் பூங்காவானது. ஜெயித்த கதையும் பிள்ளைகளுக்கு வேண்டும்.

கெடா ஆசிரியை:
அந்தப் பையனுக்குப் பன்னிரண்டு வயது, மாமா.

கோவை வாத்தியார்:
நான் அமேசானைத் திட்டவே இல்லை. அனகோண்டாவின் நீளம் தெரிந்த பிள்ளைக்கு, பொள்ளாச்சி தாண்டினால் ஆனைமலைக் காடு என்று தெரியவில்லை, என் வயிற்றெரிச்சல் அதுதான். சரி, சைலன்ட் வேலி பற்றிப் பிள்ளைகள் படிக்கிற மாதிரி தமிழில் ஏதாவது வைத்திருந்தால் பெயரைப் போடுங்கள், திங்கட்கிழமை வகுப்புக்கு வேண்டும்.