அடித்து வளர்ப்பதை ஏற்பது: சொந்தப் படிப்பா, பிறந்த வீடா?

நிலாமுற்றம்:
எம்.ஏ. சமூகவியல் ஆய்வேட்டுக்கு அமெரிக்காவின் ஜி.எஸ்.எஸ். (பொதுச் சமூகக் கணக்கெடுப்பு) தரவை எடுத்திருக்கிறேன். ‘பிள்ளையைத் திருத்த, சில நேரம் நல்ல பலமான அடி தேவைதான்’ என்ற கூற்றை ஏற்கிறார்களா என்பதே நான் விளக்க வேண்டிய மாறி. பட்டதாரிகளிடம் ஆதரவு குறைவு என்பது பளிச்சென்று தெரிகிறது. ஆனால் அப்பாவின் படிப்பைச் சேர்த்ததும் சொந்தப் படிப்பின் கெழு (படிப்பு கூடும்போது ஆதரவு எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் எண்) சுருங்குகிறது. மாதிரி அளவும் மளமளவென்று இறங்குகிறது. படிப்புக்குப் பங்கில்லை என்று எழுதலாமா?

வைகைக்கரை:
கூடாதுங்க. சுருங்குவது வேறு, மறைவது வேறு. பெற்றோரின் படிப்பு முந்தையது, பிள்ளையின் படிப்பு பிந்தையது. அதே ஆட்களை வைத்து ஓட்டும்போது, அப்பா படிப்பைச் சேர்த்ததும் சொந்தப் படிப்பின் கெழு எவ்வளவு குறைந்ததோ, அது படித்த வீட்டில் பிறந்ததால் வந்த பங்கு. மிச்சம் நிற்பதைப் பற்றித்தான் படிப்பின் பேரில் பேசலாம்.

இன்னொரு தடவை வரிசையை மாற்றி ஓட்டுங்கள்: முதலில் பெற்றோர் படிப்பு மட்டும், பிறகு சொந்தப் படிப்பு. இப்போது பெற்றோரின் கெழு விழுந்தால், பிறந்த வீடு பிள்ளையைப் படிக்கவைத்து, அந்த வழியாகவே இந்த எண்ணத்தைத் தொடுகிறது என்று அர்த்தம். முதலில் சொன்னது கலப்பு விளைவு (confounding), இரண்டாவது இடைவழி (mediation). இரண்டையும் ஒன்றாக எண்ணித்தான் நிறைய ஆய்வேடுகள் சறுக்குகின்றன.

மதத்தை விட்டுவிடாதீர்கள். 1993-ல் எலிசன், ஷெர்கட் என்ற சமூகவியலாளர்கள் இதே கணக்கெடுப்பை வைத்து, பழமைவாத புராட்டஸ்டன்டுகளின் ஆதரவுக்குப் பின்னால் மூன்று நம்பிக்கைகளைக் காட்டினார்கள்: பைபிள் எழுத்துக்கு எழுத்து உண்மை, மனித இயல்பே பாவமுடையது, பாவத்துக்குத் தண்டனை உண்டு. மதமும், அமெரிக்கத் தென் மாநிலத்தவரா என்பதும் கணக்கில் இல்லாவிட்டால் அவற்றின் பாரமும் படிப்பின் தலையில் ஏறிவிடும்.

எண்ணும்எழுத்தும்:
மாதிரி ஏன் இறங்குகிறது என்று பாருங்கள். வளரும் வயதில் அப்பா உடன் இல்லாதவர்கள் பலரிடம் அப்பாவின் படிப்பு என்ற கட்டம் வெறுமையாக இருக்கும். அந்த வரிசைகளை நீக்கினால் தாய் தனியாக வளர்த்த வீடுகள் கொத்தாக வெளியேறும். குடும்பப் பின்னணியை ஆராய வந்து, அந்தப் பின்னணியையே வெட்டிப் போட்டதாகிவிடும்! அம்மாவின் படிப்பையும் 16 வயதில் யாருடன் வாழ்ந்தார் என்ற மாறியையும் வைத்துப் பன்முறை இட்டுநிரப்பல் (விடுபட்ட விவரத்தை மற்ற மாறிகளிலிருந்து கணித்துப் பல தடவை நிரப்பும் முறை) செய்யுங்கள். ‘விவரம் இல்லை’ என்று 0/1 குறி போடுவது சுலபம், ஆனால் கெழுக்கள் சாயும்.

பழைய கோப்பாக இருந்தால் பெற்றோர் படிப்பில் ‘தெரியாது’, ‘பதில் இல்லை’ போன்றவற்றுக்கான 97, 98, 99 என்ற குறியீடுகளை முதலில் வெறுமையாக்குங்கள். இல்லையென்றால் அப்பா 98 வருஷம் பள்ளிக்கூடம் போனதாகக் கணக்கு வரும். அடி பற்றிய மாறியில் 1 என்றால் ‘உறுதியாக ஏற்கிறேன்’, 4 என்றால் ‘உறுதியாக மறுக்கிறேன்’. எண் கூடினால் ஆதரவு குறைகிறது. திருப்பிப் போடாமல் ஓட்டிவிட்டு, படித்தவர்கள்தான் அடியை ஆதரிக்கிறார்கள் என்று எழுதிவிடாதீர்கள்.

கணக்கெடுப்பு ஆண்டையும் சேருங்கள். இந்தக் கேள்வி தொடங்கிய 1986-ல் ஐந்தில் நால்வருக்கு மேல் ஏற்றார்கள். பிறகு ஆதரவு இறங்கிக்கொண்டே வந்தது, படிப்பு ஏறிக்கொண்டே வந்தது. ஆண்டைச் சேர்க்காவிட்டால் இந்தக் காலமாற்றமும் படிப்பின் கணக்கில் ஏறிவிடும். ஆண்டு, வயது, பிறந்த ஆண்டு மூன்றையும் நேர்கோட்டு மாறியாக ஒன்றாகப் போட முடியாது. இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானே வந்துவிடும்.

நிலாமுற்றம்:
ரொம்ப நன்றி. பதிலளித்தவர் சின்ன வயதில் அடி வாங்கினாரா என்பதையும் பின்னணியாகச் சேர்க்கலாமா? அடிபட்ட அனுபவம் பற்றி ஒரு மாறி கண்ணில் பட்டது.

வைகைக்கரை:
அதைத் தொடாதீர்கள். யாராவது உங்களைக் குத்தியோ தாக்கியோ இருக்கிறார்களா என்று கேட்கும் கேள்வி அது. சிறுவயதிலா, பெரியவரான பிறகா என்ற துணைக்கேள்வி இருந்தாலும், தெருச்சண்டையும் அதில் அடங்கும். அம்மா முதுகில் வைத்த ஒரு அடியை அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். உங்கள் மாறி அளப்பதும் மனப்பாங்கைத்தான், பழக்கத்தை அல்ல. ‘பட்டதாரிகள் அடிப்பதில்லை’ என்று முடிவுரையில் எழுதினால் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அங்கேதான் வரும்.