மறு: "முகப்பு அடைவு" வேண்டாம், "வீட்டடைவு" போதும்

> "இல்ல அடைவு" என்றே வைத்துக்கொள்ளலாமே? நல்ல தமிழ், சுருக்கமும்கூட.

வணக்கம் ஐயா.

லினக்ஸில் ஒவ்வொரு பயனருக்கும் உரிய கோப்புறையான "ஹோம் டைரக்டரி"க்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்பதுதானே பேச்சு. உங்கள் "இல்ல அடைவு" எழுத்தில் சரிதான். வாயில் வரும்போதுதான் வம்பு. சேலத்தில் "இல்ல" என்றால் இல்லை என்றுதான் காதில் விழும். "உன் இல்ல அடைவு எங்கே?" என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள், பின்பெஞ்சு சும்மா இருக்காது. டெபியன் என்ற லினக்ஸ் வகையில், ஆள் யாருக்கும் சொந்தமில்லாத "நோபடி" என்ற கணக்குக்கு ஹோம் என்று, பயனர் பட்டியல் இருக்கும் பாஸ்வேர்டு கோப்பின் ஆறாவது புலத்தில் இருப்பதே "/நான்எக்ஸிஸ்டென்ட்" என்ற இல்லாத பாதை. அதற்கு வேண்டுமானால் உங்கள் சொல் அச்சாகப் பொருந்தும்!

"முகப்பு அடைவு" கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதமே உண்டு. இணையதளத்தின் முதல் பக்கத்துக்கு அந்தச் சொல்லை எப்போதோ கொடுத்துவிட்டோம். செவ்வாய்ப்பேட்டைப் பையன் ஒருவன், எங்கோ கிடைத்த குறிப்பில் "முகப்பில் உள்ள பாஷ்ஆர்சி கோப்பைத் திருத்துக" என்று படித்துவிட்டு, டெஸ்க்டாப்பில் புதிதாக ஒரு கோப்பைத் திறந்து, அதில் கட்டளைகளுக்கான மாற்றுப்பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு, முனையத்தை மூடுவதும் திறப்பதுமாக உட்கார்ந்திருந்தான். பாஷ், அதாவது நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் நிரல், அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. அடைவு மாற்றும் கட்டளையான "சிடி"யை மட்டும் அடித்து என்டர் தட்டினால் எங்கே போய் நிற்கிறோமோ, அங்கே உள்ள பாஷ்ஆர்சி என்ற தன் அமைப்புக் கோப்பைத்தான் படிக்கும். இதை நான் விளக்குவதற்குள் பக்கத்தில் இருந்தவன், "டேய், ஊட்டுக்குப் போய்ப் பாருடா" என்றான். வேலை முடிந்தது.

ஏற்காட்டு டீச்சர் சொன்ன "தொடக்க அடைவு" பரவாயில்லை, உள்நுழைந்ததும் நிற்பது அங்கேதான். ஆனால் ஏதோ ஒரு கோப்புறையில் வலச்சொடுக்கி முனையத்தைத் திறந்தால் தொடக்கம் அந்தக் கோப்புறையாகிவிடும். வீட்டடைவின் பாதையை வைத்திருக்கும் ஹோம் என்ற மாறியோ (variable) அசையாது. வீட்டடைவைக் குறிக்கும் அலைக்குறியை (~) வைத்துச் சொல் தேடுவதும் உதவாது. 1976-இல் வந்த ஏடிஎம்-3ஏ (ADM-3A) என்ற கணினி முனையக் கருவியில் ஹோம் விசையும் அந்தக் குறியும் ஒரே பொத்தானில் இருந்தன. அங்கே ஹோம் என்றால் கர்சரைத் திரையின் இடது மேல்மூலைக்குக் கொண்டுபோவது. அதை வைத்து இங்கே பொருள் சொல்ல வேண்டாம்.

என் ஓட்டு வீட்டடைவுக்கு. வீட்டடைவில், வீட்டடைவுக்கு, வீட்டடைவிலிருந்து என்று வேற்றுமையும் தடுக்காமல் ஏறுகிறது. ஆள் இல்லாத சேவைக் கணக்குக்கு எதற்கு வீடு என்று கேட்டால் கொஞ்சம் சங்கடம்தான். சமாளிக்கலாம்.

புள்ளியில் தொடங்கும் கோப்புகளுக்குப் "புள்ளிக்கோப்பு", மறுப்பில்லை. பயனரைச் சேர்க்கும்போது நகலாகி வரும் ஸ்கெல் அடைவுக்கு "மாதிரி அடைவு" போதும். இப்போது இந்த வரியைப் படித்துப் பாருங்கள்:

"வீட்டடைவில் .பாஷ்_புரொஃபைல் என்ற புள்ளிக்கோப்பு இருந்தால், உள்நுழையும்போது பாஷ் .புரொஃபைல் கோப்பைத் தொடாது."

எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள், திருத்துவோம்.

ஷெல்லுக்கு "ஓடு" என்பதைத் தனி இழையில் பேசலாம். "கட்டளையை ஓட்டில் ஓட்டுக" என்று பாடம் எழுத நான் தயாரில்லை.