வடிகால் தண்ணீரை மீட்டர் வைத்துப் பார்ப்பது எப்படி? தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

தலைஞாயிறுக்காரன்:
என் மச்சான் கர்நாடகாவில் ஒரு தங்கச் சுரங்கத்தைச் சுற்றி ஓடைத் தண்ணீர் பிடித்துச் சோதிக்கிற குழுவில் இருக்கிறான். வாராவாரம் போட்டோ அனுப்புவான், அடியில் கிடக்கிற கல் வரை தெரியும், இதைப் போய் எதற்குடா சோதிக்கிறீர்கள் என்றால் "தெளிவா இருந்தாத்தான் பயம்" என்கிறான், அதற்கு மேல் விளக்கம் கிடையாது. அங்கே என்னதான் பார்க்கிறார்கள்? கேட்பதற்குக் காரணம், எங்கள் வடிகால் ஓரம் இறால் குட்டை வந்ததிலிருந்து அந்தத் தண்ணீரை வயலுக்கு இறைக்கப் பயமாக இருக்கிறது. தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டுகிற டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கினேன். காலை 6 மணிக்கு 900, மதியம் 12 மணிக்கு 2,300. மீட்டர் கெட்டதா, தண்ணீர் கெட்டதா?

பாமணியாற்றங்கரை:
அந்த வேலையில் நாலு வருஷம் இருந்துவிட்டு இப்போது மன்னார்குடிப் பக்கம் விவசாயம் பார்க்கிறேன். மச்சான் சொன்னது சரிதான். தங்கம் கிடைக்கிற பாறையில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் பெரும்பாலும் இருக்கும், உடைத்துக் குவித்த கல்லில் காற்றும் மழையும் பட்டால் கந்தக அமிலம் கசியும், அந்தத் தண்ணீரில் உலோகம் கரைந்தபடியே இருப்பதால் பார்க்கப் பளிங்கு மாதிரிதான் தெரியும். கீழே நல்ல தண்ணீரோடு கலக்கிற இடத்தில் கல்லெல்லாம் துரு நிறத்தில் படிந்திருப்பதைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். சில ஊரில் சுண்ணாம்புப் பாறை அமிலத்தை முறித்துவிடும், அமிலமா காரமா என்று சொல்லும் பிஎச் அளவு 7.5 என்று நல்ல பிள்ளையாகக் காட்டும், ஆனால் சல்பேட்டும் ஆர்சனிக் என்கிற நஞ்சும் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் பிஎச்சை மட்டும் நம்பமாட்டோம்.

தங்கத்தைக் கரைத்து எடுக்க சயனைடு போடுவதால் அதற்குத் தனி பாட்டில். அதில் சோடியம் ஹைட்ராக்சைடு போட்டு பிஎச்சை 12-க்கு மேல் ஏற்றி, வெயில் படாமல் ஐஸில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் ஆவியாகிவிடும். உலோகம் பார்க்கிற பாட்டிலில் நைட்ரிக் அமிலம். ரெண்டையும் மாற்றிவிட்டால் மாதிரி வீணாவது இருக்கட்டும், வருவது விஷவாயு. புதிதாக வந்த ஒரு பையன் பாட்டிலை மூன்று முறை அலசு என்றதும் மருந்து போட்டு வைத்திருந்த பாட்டிலையும் சேர்த்து அலசிவிட்டான், அன்றைக்கு முப்பது கிலோமீட்டர் திரும்பப் போனோம்.

வாரம் ஒருமுறை எடுப்பது மட்டும் போதாது. 2000 ஜனவரி 30 அன்று ருமேனியாவில் பாயா மாரே கழிவுக் குட்டைக் கரை உடைந்து சுமார் 1,00,000 கன மீட்டர் சயனைடு தண்ணீர் டிசா, டான்யூப் ஆறுகள் வரைக்கும் போனது. அப்படிப்பட்டது ஒரு இடத்தைக் கடந்து போய்விட்டால் அடுத்த வாரம் பாட்டிலில் ஒன்றும் சிக்காது. அதற்காகத்தான் ஓடையிலேயே இரவும் பகலும் அளக்கிற கருவியைப் போட்டு வைப்பது.

உங்கள் மீட்டர் உப்பை எடை போடவில்லை, மின்கடத்தலை அளந்து 0.5 அல்லது 0.7-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. 0.5 என்றால் உங்கள் 900 என்பது மின்கடத்தல் கணக்கில் 1,800 மைக்ரோசீமன்ஸ். நெல்லுக்கு 2,000 வரை பெரிய பாதகம் இல்லை. 2,300 என்றால் 4,600, அதை இறைக்காதீர்கள். வெயிலில் தண்ணீர் சூடானால் டிகிரிக்கு 2 சதவீதம் போல ஏறும்தான், அதற்காக ரெண்டரை மடங்கு ஏறாது. குட்டைத் தண்ணீர் விழுகிற இடத்துக்குக் கீழே முதலில் எடுங்கள், அப்புறம் மேலே. மாற்றிச் செய்தால் நீங்கள் கலக்கிய சேறே கீழே வந்து நிற்கும்.

ஓதக்காற்று:
தம்பி, கடல் ஏற்றத்தை மறந்துவிட்டீர்களே. ஆறு மணி நேரத்தில் ஏறும், அடுத்த ஆறு மணி நேரத்தில் இறங்கும், தினமும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப் போகும். காலைத் தண்ணீர் நல்லது என்று நினைத்து இறைத்தால் அடுத்த வாரம் அதே ஆறு மணிக்கு உப்புத்தான். எங்களுக்கும் கீழ்மதகு சரியாக மூடாது, அமாவாசை வந்தால் நாற்றங்காலில் நுனி கருகும்.

தலைஞாயிறுக்காரன்:
இன்று மதியம் பார்த்தேன். குட்டைக்குக் கீழே 2,250, மேலே 2,210. அப்போ கடல்தானா? மூன்று மாதமாகக் குட்டைக்காரரோடு பேச்சுவார்த்தை இல்லை.

பாமணியாற்றங்கரை:
மேலேயும் கீழேயும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் இன்றைக்குக் கடல். இறால் பிடித்துவிட்டுக் குட்டையை வடிக்கிற அன்றைக்கு என்ன என்று யாருக்குத் தெரியும், கடல் இறங்கியிருக்கும்போது மேலேயும் கீழேயும் அன்றைக்கே அளந்து பாருங்கள்.

தலைஞாயிறுக்காரன்:
சரி, எப்போது வடிப்பார் என்று டீக்கடையில் அவரிடமே கேட்டு வைக்கிறேன்.