காது மந்தமான அப்பாவோடு உட்கார்ந்து பார்க்க என்ன படம் போடலாம்?

மூன்றாம்வரிசை:

சமீபத்தில் பார்த்த படங்களைப் பற்றி எல்லாரும் எழுதுகிறீர்கள், நானும் எழுதலாம் என்று வந்தேன். ஆனால் என் மதிப்பெண் கணக்கு கொஞ்சம் வேறு மாதிரி. படம் எனக்குப் பிடித்ததா என்பது இரண்டாம்பட்சம். பக்கத்தில் இருந்த அப்பா பாதியில் எழுந்து போனாரா, கடைசி வரை உட்கார்ந்தாரா என்பதுதான் முதல் கேள்வி.

அப்பாவுக்கு 78 வயது. இரண்டு வருடமாகக் காது மந்தம். காது மிஷின் வாங்கியாயிற்று, அது டப்பாவோடு அலமாரியில் இருக்கிறது. போட்டுக்கொண்டால் ஊரே தகர டப்பாவுக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருக்கிறதாம். டிவியில் சத்தத்தைக் கூட்டினால் இசைதான் அதிகமாகிறதே தவிர வசனம் தெளிவாவதில்லை. முதலில் எல்லாம் "என்ன சொன்னான்?" என்று கேட்பார். நான் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த இரண்டு வசனம் போயிருக்கும். கொஞ்ச நாளில் கேட்பதை விட்டுவிட்டார். தூக்கம் வருகிறது என்று எழுந்து போவார். அவர் அறையில் இரவு பதினொரு மணி வரை விளக்கு எரியும்.

போன மாதம் நான் அவருக்குப் போட்டுப் பார்த்தவை:

மெய்யழகன் (2024). எனக்கு மிகவும் பிடித்த படம், இரண்டாவது முறையும் அழுதேன். அப்பா நாற்பது நிமிடத்தில் போய்விட்டார். இரண்டு பேர் ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கிற படத்தைக் காது கேட்காதவருக்குப் போட்ட என் புத்தியை என்ன சொல்ல.

கொட்டுக்காளி (2024). பின்னணி இசையே கிடையாது என்று படித்துவிட்டு, அப்படியானால் வசனம் தெளிவாகக் கேட்கும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு பாதிதான் சரி. இசை இல்லை, ஆனால் கேமரா பல இடங்களில் தள்ளி நிற்கிறது, ஆட்கள் முதுகைக் காட்டிக்கொண்டு பேசுகிறார்கள். இருந்தும் எழுந்து போகவில்லை. அன்னா பென் நடித்த அந்தப் பெண் வாயே திறக்க மாட்டாள் அல்லவா, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "அந்தப் பொண்ணும் என்னை மாதிரிதான். யார் பேச்சும் காதில் ஏறல" என்றார்.

ஃப்ளோ (2024). லாட்வியாவைச் சேர்ந்த கின்ட்ஸ் சில்பலோடிஸ் இயக்கியது. வெள்ளம் வருகிறது, ஒரு பூனை படகேறுகிறது, கூடவே வேறு சில விலங்குகள். யாரும் மனிதர் மாதிரி பேசுவதில்லை. பூனை பூனையாகத்தான் கத்துகிறது. "பொம்மைப் படமா?" என்று முகம் சுளித்தவர் பத்து நிமிடத்தில் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். கண்ணில் பட்டதை எல்லாம் கூடையில் சேர்த்துவைக்கும் லெமூர் வந்ததும், "இது உங்கம்மா". எங்கு இடம் கிடைத்தாலும் சாய்ந்துவிடும் கேப்பிபாரா வந்ததும், "இது நான்". அம்மாவுக்குக் கோபம். நடுவில் ஒரு தடவை, "சத்தம் வெச்சிருக்கியா?" என்று கேட்டார். தண்ணீர்ச் சத்தமும் பறவைச் சத்தமும் வருகிறது என்றேன். "எனக்கு ஒண்ணும் குறையலையே" என்றார்.

அந்த ஒரு வரிக்காகத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த மாதிரி இன்னும் என்னென்ன இருக்கிறது? ஆங்கில சப்டைட்டில் அவருக்குப் பயன்படாது. தமிழில் வந்தால் படிப்பார், ஆனால் நிதானமாக. முடிவு ரொம்பச் சோகமாக இருக்க வேண்டாம்.


நிழல்பொம்மை:

இதைக் கேட்க இவ்வளவு தயக்கமா! படங்கள் முதல் முப்பது வருடம் இப்படித்தானே இருந்தன.

சாப்ளினின் சிட்டி லைட்ஸ் (1931) முதலில். பேசும் படம் வந்து நான்கு வருடம் ஆகிவிட்டது, ஹாலிவுட்டே பேச ஆரம்பித்துவிட்டது, இவர் மட்டும் மாட்டேன் என்று பிடிவாதமாக எடுத்த மௌனப் படம். தொடக்கத்திலேயே சிலை திறப்பு விழாவில் பெரிய மனிதர்கள் பேசுவார்கள். வார்த்தைக்குப் பதில் பீப்பீ என்று ஒரு ஊதல் ஒலிதான் வரும். பேசும் படத்துக்கு அவர் கொடுத்த குட்டு அது. உங்கள் அப்பாவுக்கு அந்த ஊதலும் கேட்காது, கேட்கவும் வேண்டாம். இடையில் வரும் எழுத்து அட்டைகளை நீங்கள் காதருகே சொல்லிவிட்டால் போதும், குறைவாகத்தான் வரும். முடிவைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அப்புறம் பேசும் படம் (1987). கமல், அமலா. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம். தலைப்பு அப்படி, படத்தில் வசனம் கிடையாது. பேச்சே இல்லாததால் கன்னடத்தில் புஷ்பக விமானா, நமக்குப் பேசும் படம் என்று ஊருக்கு ஒரு பெயரில் ஓடிய படம். அப்பா அப்போதே பார்த்திருப்பார்.

தி ரெட் டர்ட்டில் (2016) எண்பது நிமிடம், ஒரு தீவு, ஒரு மனிதன், ஓர் ஆமை. தி ஆர்ட்டிஸ்ட் (2011) கறுப்பு வெள்ளை, முடிவு மகிழ்ச்சி. ஜப்பானியப் படம் தி நேக்கட் ஐலண்ட் (1960) எனக்கு உயிர், ஆனால் சோகம் வேண்டாம் என்கிறீர்கள், தள்ளிவையுங்கள். கார்த்திக் சுப்பராஜின் மெர்க்குரியிலும் (2018) வசனம் இல்லைதான். ஆனால் அதில் பயமே பாதி சத்தத்தில்தான் இருக்கிறது. அப்பாவுக்கு அது சப்பென்று போகும்.


ஒலிக்கலவை:

படப் பட்டியல் நண்பர் கொடுத்துவிட்டார். நான் ஒலிக்கலவை வேலை செய்பவன், அதனால் டிவியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

"சத்தம் கூட்டினால் இசைதான் கூடுகிறது" என்றீர்களே, அது அப்பாவின் கற்பனை இல்லை. வயதாகும்போது முதலில் போவது மேல் சுருதி ஒலிகள். பேச்சில் உயிரெழுத்துக்குத்தான் கனம். க, ச, த, ப எல்லாம் மெல்லிய உரசலும் வெடிப்பும். அவை போய்விட்டால் பட்டு, தட்டு, கட்டு மூன்றும் "அட்டு" என்றுதான் விழும். பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்பது விளங்குவதில்லை. சத்தத்தைக் கூட்டினால் அந்த "அட்டு"தான் பெரிதாகக் கேட்கும்.

இரண்டாவது விஷயம் எங்கள் பக்கத்துத் தப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். 5.1 கலவையில், அதாவது ஒலியை ஆறு ஸ்பீக்கருக்குப் பிரித்துக் கொடுக்கும் முறையில், வசனத்தைப் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குத் தனியாகக் கொடுக்கிறோம். உங்கள் டிவியில் நடு ஸ்பீக்கரே இல்லை. இடம், வலம் இரண்டில் வசனம், இசை, மழை, லாரி எல்லாம் ஒன்றாகக் கொட்டப்படுகிறது. போதாக்குறைக்கு மெலிந்த டிவிகள் பலவற்றில் ஸ்பீக்கர் கீழே பார்த்தபடி இருக்கும்.

செய்ய வேண்டியது: படம் ஓடும்போது ஆடியோ பட்டியலைத் திறந்து, 5.1 என்று இருந்தால் ஸ்டீரியோவுக்கு மாற்றிப் பாருங்கள். டிவி அமைப்பில் பேச்சுத் தெளிவு அல்லது இரவு முறை என்ற மாதிரி ஏதாவது இருக்கும், அதைப் போடுங்கள். இரவு முறை உரத்த ஒலியை அமுக்கி மெல்லிய ஒலியைத் தூக்கும். இசை கொஞ்சம் நசுங்கும்; நசுங்கட்டும்.

இன்னொன்று, பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். நாடகத்திலிருந்து வந்த நடிகர்கள் வார்த்தையை மென்று விழுங்க மாட்டார்கள். ஒருவர் பேசி முடித்த பிறகுதான் இன்னொருவர். வசனத்துக்கு அடியில் இசை ஓடுவதும் குறைவு. அந்த நாள் (1954) போட்டுப் பாருங்கள். பாட்டே கிடையாது. கொலை செய்தது யார் என்ற ஒரே கேள்வி, ஆளுக்கு ஒரு கதை.


வெட்டுக்கத்தி:

அலமாரியில் இருக்கிற மிஷினை எடுத்துக்கொண்டு, அதைப் பொருத்திக் கொடுத்தவரிடம் திரும்பப் போங்கள். ஒரு தடவை அளவு வைத்ததோடு முடிகிற சமாச்சாரம் இல்லை அது. தகர டப்பா மாதிரி இருக்கிறது என்று அவரிடமே சொன்னால் திருத்தி வைப்பார். காதும் பழக வாரக்கணக்கில் ஆகும். சினிமாவை வைத்து எத்தனை நாள் சமாளிப்பீர்கள்?


மூன்றாம்வரிசை:

வெட்டுக்கத்தி, பெயருக்கு ஏற்ற பதில். சரிதான். ஆனால் இதைச் சொன்னால் அப்பாவுக்கு அந்த நேரம் பார்த்து நிஜமாகவே எதுவும் கேட்காது.

ஒலிக்கலவை சார், ஸ்டீரியோ மாற்றியதில் நல்ல வித்தியாசம். நான் இதுவரை அந்தப் பட்டியலைத் திறந்ததே இல்லை. நேற்று செய்தி பார்த்துக்கொண்டிருந்தவர் தானாக ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். அம்மா என்னைப் பார்த்தார், நான் அம்மாவைப் பார்த்தேன்.


பாதிச்செவி:

இந்த இழையில் காது மந்தமான ஆள் நான் ஒருத்திதான் போல, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். முப்பது வயதிலிருந்தே எனக்கு இடது காது கிடையாது, வலது பாதி.

மொழிமாற்றுப் படம் போடாதீர்கள். நல்லெண்ணத்தில் எல்லாரும் செய்கிற தப்பு இது: தமிழில் பேசினால் புரியுமே என்று. எங்களை மாதிரி ஆட்கள் தெரிந்தோ தெரியாமலோ உதட்டைப் படித்துக்கொண்டிருப்போம். மொழிமாற்றுப் படத்தில் உதடு ஒன்று சொல்லும், காதில் விழும் பாதி வேறொன்று சொல்லும். அரை மணியில் தலை வலிக்கும். தமிழ்ப் படத்திலேயே முகம் தெரியும்படி நெருக்கமாக எடுத்தவற்றைத் தேடுங்கள். அப்பா கொட்டுக்காளியில் அந்தப் பெண்ணையே பார்த்தது ஏன் என்று எனக்குப் புரிகிறது. அவளைப் புரிந்துகொள்ள யாருக்குமே காது தேவையில்லை. அந்த ஒரு இடத்தில் நாங்களும் நீங்களும் சமம்.

காது கேளாதவர்களைப் பற்றிய படமாகத் தேடிப் போடாதீர்கள். என் வீட்டில் ஒரு சமயம் வாராவாரம் அதுதான் நடந்தது. படம் எப்படி இருந்தாலும், என்னையே எனக்கு எதற்குப் போட்டுக் காட்டுகிறீர்கள்? ஆனால் சவுண்ட் ஆஃப் மெட்டல் (2019) நீங்கள் தனியாகப் பாருங்கள். டிரம்ஸ் வாசிக்கிறவனுக்குக் காது போகிறது. அவனுக்கு எப்படிக் கேட்கிறதோ அப்படியே நமக்கும் கேட்கும்படி பல இடங்களில் ஒலி வைத்திருக்கிறார்கள். ஒலிக்கு ஆஸ்கர் வாங்கிய படம். காதில் கருவி வேலை செய்யத் தொடங்கும் காட்சி வரும். தகர டப்பா என்று அப்பா சொன்னது என்னவென்று அப்போது தெரியும்.

கடைசியாக, கேட்டால் கோபப்படாதீர்கள். "என்ன சொன்னான்?" என்று நாங்கள் கேட்கும்போது "ஒண்ணுமில்ல, சும்மா" என்று ஒரு பதில் வரும் பாருங்கள், அதற்குப் பிறகுதான் தூக்கம் வரும். நீங்கள் அப்படிச் சொல்கிறவரா என்று எனக்குத் தெரியாது. படத்தை நிறுத்திவிட்டு, எதிரே வந்து, முகம் பார்த்து ஒரு வரி சொன்னால் போதும்.


மூன்றாம்வரிசை:

அப்படிச் சொல்கிறவன்தான். "ஒண்ணுமில்லப்பா" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ. அப்பா கேட்பதை நிறுத்தினார் என்று மேலே எழுதியிருக்கிறேன், ஏன் நிறுத்தினார் என்று யோசிக்கவே இல்லை. நன்றி அக்கா.

சவுண்ட் ஆஃப் மெட்டல் இரவில் தனியாகப் பார்த்தேன். நீங்கள் சொன்ன காட்சியில் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டேன். காதுக்குள் கம்பியைக் கீறுகிற மாதிரி இருந்தது. எனக்குக் கழற்ற முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சிட்டி லைட்ஸ். குத்துச்சண்டைக் காட்சியில் அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். முடிவில் ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைத் துடைத்தார். அந்த நாள் இன்னும் பார்க்கவில்லை, வரிசையில் இருக்கிறது.

நேற்று பேசும் படம். நிழல்பொம்மை சொன்னது சரி, வெளிவந்தபோதே தியேட்டரில் பார்த்திருக்கிறார். கமல் பெரிய ஹோட்டலுக்குப் போய்ப் படுக்கிற இடம் வந்ததும் என் கையைத் தட்டி, "இப்போ பார், தூக்கம் வராது" என்றார். அவன் முன்பு இருந்தது சினிமா தியேட்டரை ஒட்டிய அறை, ராத்திரியெல்லாம் சண்டைக் காட்சிச் சத்தம் கேட்டே தூங்கிப் பழகியவன். ஹோட்டலின் அமைதியில் புரண்டு புரண்டு படுக்கிறான். கடைசியில் அந்தத் தியேட்டர் சத்தத்தை டேப்பில் பதிந்துகொண்டு வந்து, ஓடவிட்டுத் தூங்குகிறான். மொத்த வேடிக்கையும் சத்தத்தில்தான் இருக்கிறது. அப்பாவுக்கு டேப்பில் வருவது கேட்டிருக்க வழியே இல்லை. ஆனால் கமல் பொத்தானை அமுக்கியதும் இவர் "டிஷ்யூம், டிஷ்யூம்" என்று தானே போட ஆரம்பித்துவிட்டார், சமையலறையில் இருந்து அம்மா எட்டிப் பார்க்கிற அளவுக்கு. பனிக்கட்டிக் கத்தி வரும் இடத்தையும் முன்கூட்டியே அவர்தான் எனக்குச் சொன்னார். நான் "என்னப்பா, என்ன நடக்குது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

வெட்டுக்கத்திக்கு ஒரு தகவல்: மிஷின் டப்பா இன்று காலை அலமாரியில் இல்லை, டிவி மேசையில் இருக்கிறது. திறக்கவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை.