லேம்ப் ஷாங்க் 6 பேருக்கு: ஓவனா, ஸ்லோ குக்கரா?

மெல்பர்ன்_அடுப்பு கேட்டது:

வர்ற சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு லேம்ப் ஷாங்க் (இளம் செம்மறியாட்டோட முட்டிக்குக் கீழ் கால்கறி) பண்ணணும். பெரியவங்க 4 பேர், சின்னப் பிள்ளைங்க 2 பேர். நல்லிக் குழம்பு மாதிரி வேண்டாம். ரோஸ்மேரி, பூண்டு, தக்காளி போட்டு மசிச்ச உருளைக்கிழங்கோட பரிமாறுற இங்கத்துப் பக்குவம்தான் வேணும். வீட்டுல வைன் சேர்க்க மாட்டோம். மாமியாருக்குப் பல் கட்டியிருக்கு, அதனால கறி கரண்டி பட்டாலே பிரியணும்.

கையில இருக்கிறது: மூடி போட்ட 5.5 லிட்டர் வார்ப்பிரும்புப் பாத்திரம், 6 லிட்டர் ஸ்லோ குக்கர், சாதாரண ஓவன். கடையில முன்னங்கால், பின்னங்கால் ரெண்டும் கிடைக்குது. எதை வாங்குறது, எதுல வைக்கிறது, எவ்வளவு தண்ணி, எத்தனை மணி நேரம்? கிரேவி தண்ணியா நிக்காம இருக்க என்ன செய்யணும்?

---

கறிப்பதம்:

பின்னங்கால் வாங்குங்க. சதை கூடுதல், எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். முன்னங்கால் சுவையில் குறைச்சல் இல்லை, ஆனால் எலும்புக்குக் கறி கம்மி. பெரியவர் ஒருவருக்கு ஒன்று, பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து ஒன்று, ஆக 5 போதும். ஒன்று 400 முதல் 450 கிராம் இருக்கட்டும். 300 கிராமும் 500 கிராமும் கலந்து வாங்கினால் சின்னது உதிர்ந்து போன பிறகும் பெரியது வேகாமல் நிற்கும். கணுப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பை வெட்டித்தரச் சொல்லுங்க, இல்லாவிட்டால் மூடி உட்காராது.

நான் ஓவன் பக்கம். முதல் நாள் இரவே மேலே இருக்கும் கெட்டிக் கொழுப்பையும் தடித்த வெள்ளைச் சவ்வையும் சீவிவிட்டு, 2 கிலோ கறிக்கு 3 தேக்கரண்டி தூள் உப்பு தடவி, மூடாமல் ஃபிரிட்ஜில் வையுங்க. மெல்லிய சவ்வை எடுக்க வேண்டாம், அதுதான் சதையை எலும்போடு பிடித்து வைக்கும். மூடாமல் வைப்பதால் மேற்பரப்பு காயும். ஈரம் இருந்தால் சட்டியில் கறி சிவக்காது, வெந்நீரில் போட்ட மாதிரி சாம்பல் நிறத்தில் வேகும்.

2 மேசைக்கரண்டி எண்ணெயில், ஒரு நேரத்தில் இரண்டு மூன்றாக, திருப்பித் திருப்பி 8 முதல் 10 நிமிடம் நல்ல பழுப்பாகும் வரை வறுங்க. அவசரப்படக் கூடாத இடம் இது ஒன்றுதான், கிரேவியின் நிறமும் ருசியும் பாதி இங்கேதான் வருகிறது. கறியை எடுத்துவிட்டு அதே பாத்திரத்தில் பெரிய வெங்காயம் 2, கேரட் 2, செலரி 2 தண்டு, எல்லாம் சின்னதாக நறுக்கி 10 நிமிடம் வதக்குங்க. பிறகு தட்டிய பூண்டு 8 பல், தக்காளிப் பேஸ்ட் 2 மேசைக்கரண்டி. பேஸ்ட் செங்கல் நிறத்துக்கு இருளும் வரை 2 நிமிடம் வறுபட வேண்டும், பச்சையாக விட்டால் புளிப்பு தூக்கலாக நிற்கும். 400 கிராம் டின் தக்காளி ஒன்று, உப்பில்லாத ஸ்டாக் (எலும்போ காயோ வேகவைத்த சாறு) 500 மில்லி, ரோஸ்மேரி 2 கொத்து, பிரிஞ்சி இலை 2, மிளகு. அடியில் ஒட்டியதைச் சுரண்டிக் கலந்துவிட்டுக் கறியை அடுக்குங்க.

திரவம் கறியின் பாதி உயரம், மிஞ்சினால் முக்கால். மூழ்கடித்தால் அது சூப்பு. கறியைத் தொட்டபடி பேக்கிங் பேப்பர் ஒன்றை வைத்து அதற்கு மேல் மூடி போடுங்க, வெளியே நிற்கும் சதை காயாது. அடுப்பில் கொதி வந்ததும் 160 டிகிரி ஓவனில் வையுங்க, ஃபேன் ஓவன் என்றால் 140. ஒன்றரை மணி நேரத்தில் ஒருமுறை திருப்பிப் போடுங்க. இரண்டரை மணியில் சோதிக்கத் தொடங்கலாம், பெரும்பாலும் 3 மணி பிடிக்கும்.

பதம் பார்க்க: முள்கரண்டியைத் தடித்த இடத்தில் குத்தித் திருகணும். தடையில்லாமல் சதை பிரிய வேண்டும். தெர்மாமீட்டர் இருந்தால் உள்ளே 92 முதல் 95 டிகிரி. எலும்பிலிருந்து சதை மேலேறிச் சுருங்கிவிட்டதே என்று எடுத்துவிடாதீங்க, அது பதம் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே நடக்கும்.

---

ஓவர்நைட்_குக்கர்:

கறிப்பதம் சொன்ன கடைசி விஷயத்துக்குக் காரணத்தையும் சேர்த்துடறேன், ஏன்னா நிறையப் பேர் தப்பு பண்றது இங்கதான். கறி உள்ளே 60, 65 டிகிரி தாண்டும்போது இழை சுருங்கித் தண்ணியைக் கக்கும். காலில் இருக்கிற கொலாஜன் (சவ்வுப் புரதம்) கரைஞ்சு ஜெலட்டினா மாறுறது 70க்கு மேலதான் சொல்லிக்கிற மாதிரி ஆரம்பிக்கும், 80, 90ல வேகமெடுக்கும். அதனால இடையில ஒரு கட்டம் உண்டு: சாறு போயிருக்கும், ஜெலட்டின் வந்திருக்காது. ஒன்றரை, ரெண்டு மணி நேரத்துல திறந்து கடிச்சா ரப்பர் மாதிரி இருக்கிறது அதனாலதான். "ஓவரா வெந்துடுச்சு"ன்னு நினைச்சு அடுப்பை அணைச்சுடுவாங்க. உண்மையில இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி.

இப்ப ஸ்லோ குக்கர். சனிக்கிழமை பகல்ல வெளிய போற வேலை இருந்தா இதுதான் வசதி. ஆனா மேல சொன்ன அளவுகளை அப்படியே இதுல கொட்டக் கூடாது. நீராவி வெளிய போகாது, கறியும் காயும் விடுற தண்ணி அத்தனையும் உள்ளேயே நிக்கும். ஸ்டாக் 500க்கு 200 மில்லி போதும், டின் தக்காளி அப்படியே இருக்கட்டும்.

- கறியை வறுக்கிறது, வெங்காயம் வதக்குறது, பேஸ்ட் வறுக்கிறது மூணும் தனிச் சட்டியில முடிச்சுட்டுத்தான் உள்ளே போகணும். ஸ்லோ குக்கர் எதையும் சிவக்க வைக்காது.
- கேரட் அடியில, கறி மேல. இந்தச் சூட்டில் கிழங்கு வகை கறியை விட மெதுவா வேகும்.
- 'லோ'வில 8 மணி நேரம், 'ஹை'யில 5. மாடலுக்கு மாடல் மாறும், அதனால கடைசி ஒரு மணியில குத்திப் பாருங்க. அதுக்கு முன்னால மூடியைத் தூக்கினா போன சூடு திரும்ப 20 நிமிஷமாவது ஆகும்.
- ரோஸ்மேரி ஒரே கொத்து. 8 மணி நேரத்துல ரெண்டு கொத்துன்னா கஷாய வாடை வந்துடும்.
- உறைஞ்ச கறியை அப்படியே போடவே கூடாது. சூடு ஏற ரொம்ப நேரமாகும், கிருமி பெருகுற வெப்பத்துல மணிக்கணக்கா கிடக்கும்.

இன்னொண்ணு: ஷாங்க்கோட பீன்ஸ் போடற ரெசிபி நிறைய சுத்துது. காய்ஞ்ச சிவப்பு ராஜ்மாவை ஊற வெச்சு நேரா ஸ்லோ குக்கர்ல போட்டுடாதீங்க. அதுல இருக்கிற லெக்டின் நச்சு, குறைஞ்ச சூட்டில அழியாது. ஊற வெச்ச தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணியில 10 நிமிஷமாவது தளதளன்னு கொதிக்க விட்டு அப்புறம்தான். டின் பீன்ஸுக்கு இந்தக் கவலை இல்லை.

10 மணி நேரம் விட்டா இன்னும் மெத்துன்னு ஆகும்னு கணக்குப் போடாதீங்க. ஒரு அளவுக்கு மேல எலும்பு தனியா வந்து, இழை நார்நாரா உதிர்ந்து, சாற்றுக்குள்ள கிடந்தாலும் வாயில வறட்சியா இருக்கும். கட்டின பல்லுக்கு அந்த நார் இன்னும் தொந்தரவு.

---

மிளகுக்கஞ்சி:

ரெண்டு பேரும் சொன்னது சரி. ஆனால் சனிக்கிழமைக்கு வேண்டியதை வெள்ளிக்கிழமையே வைப்பதுதான் இந்தச் சமையலுக்கு உள்ள பெரிய சௌகரியம். இருவருமே அதைத் தொடவில்லை.

முழுதாக வெந்ததும் கறியைச் சாறோடு அகலமான தாழ்ந்த பாத்திரத்துக்கு மாற்றி, சூடு தணிந்ததும் 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஆழமான வார்ப்பிரும்புப் பாத்திரத்தோடு வைத்தால் நடுப்பகுதி ஆறவே மாட்டேன் என்னும். காலையில் மேலே வெள்ளையாக ஒரு தகடு படிந்திருக்கும், அப்படியே பெயர்த்து எடுத்துவிடலாம். செம்மறிக் கொழுப்பு மாட்டுக் கொழுப்பை விடச் சீக்கிரம் உறையும், அதனால்தான் சாப்பாடு பாதியில் ஆறும்போது அண்ணத்தில் மெழுகு அப்பினாற்போல் இருக்கும். தகட்டை எடுத்தால் அது போகும். கூடவே அந்தக் "கவிச்சு"ம் பெருமளவு போகும், ஏனென்றால் அந்த வாடை தரும் கொழுப்பு அமிலங்கள் கொழுப்பில்தான் இருக்கின்றன. மஞ்சளும் எலுமிச்சையும் போட்டுக் கறியை எத்தனை முறை அலசினாலும் அது குறையாது. பரிமாறும் தட்டுகளையும் ஓவனில் கொஞ்சம் சூடு காட்டுங்கள்.

கீழே சாறு ஜெல்லியாக இருக்கும். அப்படி இருந்தால் பதம் சரி என்று அர்த்தம். அந்த நிலையில் கறியைப் பிடுங்கினால் பிய்ந்துவிடும். முதலில் லேசாகச் சூடாக்கி, ஜெல்லி இளகியதும் மூடி 150 டிகிரியில் 40 முதல் 45 நிமிடம், நடுவில் 75 டிகிரி தொட வேண்டும். பிறகு அகலக் கரண்டியால் கறியைத் தாங்கி எடுத்துத் தனியே மூடி வைத்துவிட்டு, சாற்றை வடிகட்டுங்கள். காய்களைச் சல்லடையில் கரண்டியால் அழுத்தித் தேய்த்தால் அந்த விழுதே கிரேவிக்கு உடம்பு கொடுக்கும். மைதா, சோளமாவு எதுவும் தேவையில்லை. அகலச் சட்டியில் திறந்தபடி 10 முதல் 15 நிமிடம், கரண்டியின் முதுகில் படிந்து நிற்கும் வரை வற்ற விடுங்கள். ஸ்லோ குக்கர் சாறு என்றால் கூடுதலாக 5 நிமிடம்.

சாற்றுக்கு உப்பு, அது வற்றிய பிறகு மட்டும். முன்னால் சரியாக இருந்த உப்பு, பாதியாக வற்றினால் கரிக்கும். கடை ஸ்டாக் கட்டி போட்டவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

வைன் இல்லாததால் கடைசியில் புளிப்பு கொஞ்சம் வேண்டியிருக்கும். எலுமிச்சைச் சாறு 2 தேக்கரண்டி போதும். கெட்டிப் புளிக்கரைசல் 1 தேக்கரண்டி இதைவிட நன்றாகப் பொருந்தும், பழுப்பு நிறத்தையும் கெடுக்காது, ஆனால் அதற்கு மேல் போனால் குழம்பு வாசனை வந்துவிடும்.

---

மெல்பர்ன்_அடுப்பு:

ரொம்ப நன்றி. வெள்ளிக்கிழமை ராத்திரி ஓவன்ல வெச்சு, சனிக்கிழமை சூடு பண்றதுன்னு முடிவு பண்ணிட்டேன். மூணு சந்தேகம். உருளைக்கிழங்கை அதுக்குள்ளேயே போட்டுடலாமா? 5 ஷாங்க் என் பாத்திரத்துல கொள்ளலைன்னா? மதுரையில தங்கச்சி இதையே வெள்ளாட்டுல, ஓவன் இல்லாம பண்ணணும்னு கேக்கறா, முடியுமா?

---

கறிப்பதம்:

உள்ளே போடாதீங்க. தக்காளிப் புளிப்பில் உருளைக்கிழங்கு விறைத்தே நிற்கும், இரண்டாம் நாள் சூடாக்கும்போது வெளிப்புறம் மட்டும் கரைந்து கிரேவியை மாவாக்கும். தனியாக மசியுங்க. 6 பேருக்கு 1.2 கிலோ, செபாகோ வகை நன்றாக வரும். குளிர்ந்த உப்புத் தண்ணீரில் ஒரே அளவுத் துண்டுகளாகப் போட்டு 20 நிமிடம் வேகவைத்து, வடித்த பிறகு அதே பாத்திரத்தில் சிறு தீயில் 2 நிமிடம் ஈரத்தை ஓட்டுங்க. முதலில் வெண்ணெய் 100 கிராம், பிறகு சூடான பால் 150 முதல் 200 மில்லி. கையால் மசிக்கணும். மிக்ஸியில் போட்டால் பசை.

---

குக்கர்_விசில்:

மதுரைத் தங்கச்சிக்கு: தாராளமா முடியும். கடையில "ஆட்டுக்கால்"னு கேட்டா பாயாவுக்குப் போடற குளம்புக்கால் கொடுத்துடுவாங்க. முட்டிக்குக் கீழே, கணுவுக்கு மேலே இருக்கிற நல்லித் துண்டை வெட்டாம முழுசா வேணும்னு சொல்லச் சொல்லுங்க, கத்தி இறங்குறதுக்கு முன்னாலயே சொல்லணும், இல்லைன்னா பழக்கத்துல நாலாப் போட்டுடுவாங்க. வெள்ளாட்டுக் கால் சின்னது, ஆளுக்கு ரெண்டு கணக்கு வெச்சுக்கணும். கொழுப்பு கம்மி, அதனால மேல படியற தகடும் கம்மியாத்தான் இருக்கும். ஆனா இளம் லேம்ப்பை விட இழை கெட்டி.

வறுக்கிறது, வதக்குறது எல்லாம் அதே மாதிரி. 5 லிட்டர் குக்கர்ல ஒன்றரை டம்ளர் திரவம், மூணுல ரெண்டு பங்குக்கு மேல நிரப்பாம. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைச்சு 35 முதல் 40 நிமிஷம். விசில் எண்ணிக்கையில போகாதீங்க, தீயைப் பொறுத்து அது மாறும், மணியைப் பாருங்க. அணைச்ச பிறகு ஆவி தானா அடங்கணும். வெயிட்டைத் தூக்கிச் சட்டுனு ஆவியை விட்டா உள்ளே சாறு குபுகுபுன்னு கொதிச்சுக் கறி வறண்டு, எலும்பை விட்டுப் பிய்ஞ்சு வரும். திறந்து குத்திப் பாத்து, கெட்டியா இருந்தா இன்னும் 10 நிமிஷம். அடியில தக்காளி பிடிக்கும், அதனால டின் தக்காளியோ விழுதோ கறிக்கு மேல ஊத்தணும், கிளறக் கூடாது.

ரோஸ்மேரி நீலகிரியில விளையுது, பெரிய சூப்பர் மார்க்கெட்ல காய்ஞ்சது கிடைக்கும், 1 தேக்கரண்டி போதும். கிடைக்கலைன்னா பிரிஞ்சி இலையும் நொறுக்கின மிளகும் மட்டும் வெச்சு முடிச்சுடலாம், கறிவேப்பிலையைப் போட்டு ஈடுகட்ட வேண்டாம்.

---

ஓவர்நைட்_குக்கர்:

பாத்திரத்துல கொள்ளலைன்னா ஆழமான ரோஸ்டிங் ட்ரேல மாத்திடுங்க. எல்லாத்தையும் அடுப்பில கொதிக்க வெச்சு ட்ரேல ஊத்தி, மேல பேக்கிங் பேப்பர், அதுக்கு மேல ரெண்டு அடுக்கு ஃபாயில், ஓரம் சுத்தி இறுக்கமா அழுத்தணும். பேப்பர் இல்லாம ஃபாயில் நேரா தக்காளிச் சாற்றில பட்டா புளிப்பு அதை அரிச்சு ஓட்டை போட்டுடும், சாற்றுல உலோக ருசியும் ஏறும். ட்ரே அகலம் அதிகம்கறதால சாறு தாழ்ந்து நிக்கும், ஸ்டாக் 150 மில்லி கூட்டி வெச்சு, ஒரு மணிக்கு ஒரு தடவை திருப்பிப் போடுங்க. நேரம் அதே 3 மணிதான், ஓரம் சரியா மூடலைன்னா மட்டும் அரை மணி கூடும்.