கழுத்துல மேலருந்து ரெண்டாவது எலும்புல (சி2) கார்டோமா கட்டி, ஆபரேஷன் பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

கேள்வி:
சித்தப்பாவுக்கு 54 வயசு. ரொம்ப நாளா கழுத்து வலின்னு தைலம் தேய்ச்சிட்டு இருந்தாரு, சோறு முழுங்குறப்ப தொண்டைல ஏதோ நிக்குதுன்னு சொன்னப்புறம்தான் எம்ஆர்ஐ எடுத்தோம். சி2ல கட்டி, பயாப்ஸில கார்டோமான்னு வந்துருக்கு. ஒரு டாக்டர் உடனே சுரண்டி எடுத்துடலாம்ங்கிறாரு, இன்னொருத்தர் அவசரப்படாதீங்கங்கிறாரு. கீமோல கரைக்க முடியாதா? சித்தி அழுதுட்டே இருக்காங்க.

ஸ்பைன்_பிஜி:
கீமோ இதுக்கு பெருசா கேக்காது சகோ. கருவுல முதுகெலும்பு உருவாகுறப்ப இருக்குற நோட்டோகார்டுங்கிற தண்டு மாதிரி திசுவோட மிச்சத்துலருந்து வர்ற கட்டி இது, வருஷத்துக்கு 10 லட்சம் பேர்ல ஒருத்தருக்குதான் வரும், அதனால நிறைய டாக்டருங்க ஒரு கேஸ் கூட பாத்திருக்க மாட்டாங்க. முதல் ஆபரேஷன்தான் ரொம்ப முக்கியம். சுரண்டினா செல் சிதறி அங்கயே திரும்ப வளரும். ஒரே துண்டா எடுக்குறதுதான் நல்லது, ஆனா சி2ல ரெண்டு பக்கமும் மூளைக்குப் போற ரத்தக்குழாய் எலும்புக்குள்ளயே ஓடுது, பின்னாடி தண்டுவடம், முன்னாடி தொண்டை, அதனால எல்லாருக்கும் அது முடியாது. முடியலன்னா எடுக்க முடிஞ்சத எடுத்துட்டு ரேடியேஷன். மெதுவா வளர்ற கட்டிதான், இதுல அனுபவம் உள்ள டீமை தேடிப் போங்க.

அம்மாவின்_மகள்:
எங்கம்மாவுக்கும் இதே சி2தான். முதல்ல பின்பக்கமா மண்டை ஓட்டுலருந்து கழுத்து வரைக்கும் ராடு வச்சாங்க, அப்புறம் கீழ்த்தாடைய பிளந்து வாய் வழியா கட்டிய எடுத்தாங்க. கழுத்துல ஓட்டை போட்டு மூச்சுக்குழாய், வயித்துல ட்யூப். முழுங்க திரும்பப் பழகணும், தண்ணிதான் புரையேறும், கெட்டியா கூழ் பதத்துல ஸ்பூன்ல குடுத்தா இறங்கும். இப்ப யாராவது கூப்பிட்டா உடம்போடதான் திரும்புவாங்க, ஆனா தானே சமைக்கிறாங்க. சித்திகிட்ட இத சொல்லுங்கப்பா.

தரமணி_வாசி:
ரேடியேஷன் டாக்டரை ஆபரேஷனுக்கு முன்னாடியே பாத்துடுங்க. 70 கிரேக்கு (ரேடியேஷன் அளவு) மேல டோஸ் வேணும், தண்டுவடம் அவ்ளோ தாங்காது, அதனாலதான் கட்டியத் தாண்டி அதிகம் போகாத ப்ரோட்டான் ரேடியேஷன். சென்னை தரமணில அப்போலோல 2019லருந்து இருக்கு, மும்பை பக்கம் கார்கர்ல டாடா மெமோரியல் கேன்சர் ஆஸ்பத்திரியோட ஆக்ட்ரெக் சென்டர்லயும் இருக்கு. டைட்டானியம் ராடு ஸ்கேன்ல கட்டி இருந்த இடத்தையே மறைக்கும், கார்பன் ஃபைபர் வைக்க முடியுமான்னு கேளுங்க.

கேள்வி கேட்டவர்:
எல்லாருக்கும் நன்றி. நேத்துலருந்து சட்டை பட்டன் போட வரலங்கிறாரு, நடையும் கொஞ்சம் தள்ளாடுது, இது சாதாரணமா?

ஸ்பைன்_பிஜி:
இல்ல சகோ, தண்டுவடம் நசுங்குது. மெதுவா வளரும், டீமை தேடுங்கன்னு நான் சொன்னது இதுக்குப் பொருந்தாது. கழுத்துப் பட்டை (காலர்) போட்டு, கழுத்த அசைக்காம, ஆம்புலன்ஸ்ல இன்னைக்கே நியூரோசர்ஜரி இருக்குற பெரிய ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க, பயாப்ஸி ரிப்போர்ட்டும் எம்ஆர்ஐ சிடியும் கையோட எடுத்துக்கோங்க.